வாசலில் ஒரு செப்புத் தகடு

ஆகஸ்ட் 4, திங்கள்

தண்ணீர் கேன் போடுகிற அந்தோணி இன்றும் தகட்டைத் தொடாமல் உள்ளே வந்துவிட்டார். சொன்னால், "கேன் தண்ணிக்குமா கரண்டு அடிக்கும், அண்ணாச்சி?" என்று சிரிக்கிறார். நாளை முதல் வாசல்படியோடு வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். மகன் ராஜகுருவின் அச்சகத்தில் அட்டை கோணலாக ஒட்டிய டைரி ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளை ஏதாவது ஆகிவிட்டால், ரத்தினசாமி முன்னாலேயே எச்சரிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

தகடு எதற்கென்று சிவகாசிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையின் வாசலில் செம்பில் ஒரு தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவன் வெறுங்கையால் அதைத் தொட்டால், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் போனால், விரல் நுனியில் ஒரு பொறி போதும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாதுகாப்பு விதிகளை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். நான் போர்மேனாக இருந்த அறையில் ஒரு நாளும் பொறி விழுந்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் முதலாளியின் மகன், "நீங்க பூட்டை ஆட்டிப் பாத்து முடிக்கிறதுக்குள்ள லாரி போயிருது, போர்மேன்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினான்.

போகட்டும். இந்த வீட்டு வாசலிலும் ஒரு தகடு பதித்தேன். இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே சாட்சி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மனைவி பாக்கியத்தாய் காலையிலிருந்து கட்டிலைவிட்டு எழவில்லை. தலை சீவவில்லை. மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த இட்லி அப்படியே காய்ந்து கிடக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு கேஸ் அடுப்பை எடுத்துவிட்டேன். பதிலுக்கு வாங்கிய கரண்ட் அடுப்பின் பிளக் சுட்டது. அதையும் பரணில் போட்டுவிட்டேன். இப்போது அவளுக்குச் சமையல் வேலை கிடையாது, புகை கிடையாது. எந்த வீட்டில் மனைவியை இப்படி வைத்திருக்கிறார்கள்? ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

காலியாகக் கிடக்கும் அரிசி டப்பாவுக்குள் ஒரு தீப்பெட்டியும் கற்பூரமும் இருந்தன. அவள் கண்ணெதிரிலேயே தண்ணீரில் போட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மைத்துனன் தர்மலிங்கமும் அவன் மனைவியும் சாத்தூரிலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்கள். தர்மலிங்கம் தகட்டைத் தொட்டான். அவனுக்கு என் வீட்டு முறை தெரியும். ஆனால் அவன் மனைவி கட்டியிருந்தது செயற்கை நூல் சேலை. நடக்கும்போதே சரசரக்கிறது. அந்தத் துணியில் எவ்வளவு மின்சாரம் ஊறும் என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் கத்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். பாக்கியத்தின் பருத்திச் சேலை ஒன்றைத் தருகிறேன், வெளிக் குளியலறையில் மாற்றிக்கொண்டு உள்ளே வரட்டும் என்றேன். தலையில் குத்தியிருந்த ஊசிகளையும் கழற்றி வைக்கச் சொன்னேன். இரும்பு இரும்புதான், கொண்டை ஊசியானாலும்.

தர்மலிங்கம் தாம்பூலத் தட்டை வாசல்படியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

பாக்கியம் அப்போதுதான் எழுந்து வந்தாள். தட்டைக் குனிந்து எடுத்தாள். உள்ளே போய் இரண்டு சேலையை ஒரு பையில் திணித்தாள். எங்கே என்று கேட்டேன்.

"எந்தம்பி வீட்டுக்கு. இந்த வீட்டுல நான் ஒரு வெளக்கு ஏத்தலாம்னு நீங்க சொல்ற அன்னிக்கு வாறேன்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அங்கயே இருந்துக்கிறேன்."

போகும்போது தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். வெளியே போகிறவர்கள் தொட வேண்டியதில்லை. பழக்கம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீட்டில் இப்போது ஆபத்து எதுவும் இல்லை. சுவிட்சுகளைப் பார்த்துவிட்டேன். நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தர்மலிங்கம் வீட்டில் கேஸ் அடுப்பு. காலையில் போன் செய்து, ரெகுலேட்டரை மூடினாளா என்று கேட்டேன். மூடினேன் என்றாள். பின்னால் குக்கர் சத்தம். அப்படியானால் மூடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தாளிக்கிற சத்தமும், அவள் யாரிடமோ சிரிப்பதும் கேட்டன. என் வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தர்மலிங்கத்தின் போன் அணைந்து கிடக்கிறது. ஏன் அணைந்தது? தீ என்றால் போனும் எரிந்துதானே போகும்? சாத்தூரில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரரைப் பிடித்து, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம். அவர் பேச்சில் கொஞ்சம் கேலி இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

நாளை கல்யாணம். இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மண்டபத்தில் மத்தியானமே அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று தெரியும். போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ்ஸில் இருந்தேன்.

மண்டபத்தின் பின்பக்கம் தகரக் கொட்டகை. பெரிய பெரிய அடுப்புகள், அவற்றின் காலடியிலேயே வரிசையாக சிலிண்டர்கள். ஒரு கேஸ் குழாயில் கீறல் விட்டிருந்தது. விட்டதுபோல எனக்குத் தெரிந்தது. அடுப்புக்கு ஒட்டினாற்போல் பாக்கியம் நின்று, முந்தானை தொங்கத் தொங்க, கரண்டியில் எடுத்துச் சாம்பார் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிலிண்டர்களை எல்லாம் மூடினேன். மூடினால் போதாது என்று தோன்றியது. வாளித் தண்ணீரை எடுத்து அடுப்புகளில் ஊற்றினேன். சாம்பாரிலும் விழுந்திருக்கலாம். சமையல்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தர்மலிங்கம் ஓடி வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். கையைக் கூப்பிவிட்டான். "அத்தான், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். எம்புள்ள கல்யாணம் முடியட்டும். போயிருங்க."

அவன் சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன். பாக்கியம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. தீயைப் பார்த்து அல்ல.

செப்டம்பர் 5, வெள்ளி

ராஜகுரு வந்து, டாக்டரிடம் போகலாம் என்றான். உன் அம்மாவைக் கூட்டிப் போ, அவள்தான் நாளெல்லாம் படுத்துக் கிடந்தாள் என்றேன்.

"அம்மா போயிட்டுத்தாம்ப்பா இருக்காங்க. ரெண்டு வாரமா மாத்திரை சாப்புடுறாங்க. மனச்சோர்வுன்னு சொல்லியிருக்கு."

எனக்குத் தெரியாமல். என் மனைவியாக இருந்துகொண்டு, என்னைப் பற்றி ஏதோ ஒரு டாக்டரிடம் பேசியிருக்கிறாள். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

போனேன். மகனுக்காகப் போகவில்லை. அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு. பாக்கியத்தைப் பார்க்கிற அதே டாக்டர், ரிஸ்வானா என்ற பெண். என் மகளாக இருக்கிற வயது. பாக்கியம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவங்க சொன்னது அவங்களோடது, நீங்க சொல்றது உங்களோடது என்று முடித்துவிட்டார். ராஜகுருவை வெளியே உட்காரச் சொன்னார். நான் தகடு, துணி, சிலிண்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"ஆலையில தகட்டைத் தொட்டீங்க, சரி. அங்க வெடிமருந்து இருந்துச்சு. வீட்டுல என்னங்கய்யா இருக்கு?"

"பாக்கியம் இருக்கா" என்றேன்.

அதற்கு மேல் சொன்னதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த டைரியில் மற்றவர்களின் குறைகளை மட்டும் எழுதி வைத்தால் நியாயமாகாது.

எனக்கு ஒரு காட்சி வருகிறது. பாக்கியத்தின் சேலையில் தீப்பிடித்து, அவள் என்னைப் பார்த்தபடி எரிகிறாள். நான் கூப்பிட்டு வருவதில்லை. சாப்பிடும்போது வரும், சாமி கும்பிடும்போது வரும். அது வந்துவிட்டால், ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பூட்டு, பிளக், தகடு, ஏதாவது. பார்த்ததும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். அதைவிட, இப்படி நினைக்கிறவன் உள்ளூர அதை விரும்புகிறவனோ என்ற பயம்.

டாக்டர் சிரிக்கவில்லை. இதற்கு ஓசிடி என்று பெயராம், எண்ணம் சுழன்று சுழன்று வரும் நோய். வேண்டாத காட்சிகள் யாருக்கும் வரும், மற்றவர்கள் உதறிவிட்டுப் போய்விடுவார்கள், உங்களுக்கு அது எச்சரிக்கை மணி மாதிரி கேட்கிறது என்றார். எதை உயிராக நினைக்கிறோமோ அதையே அது பிடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் அது பாக்கியத்தின் உருவத்தில் வருகிறதாம்.

"சோதிச்சுப் பாத்ததும் ஒரு நிம்மதி வருது பாருங்க. அதுதான் அதுக்குத் தீனி" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சோதித்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். சோதிக்காமல் ஒரு நாளாவது இருந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. இல்லாததை எப்படி இருக்கிறது என்று சொல்வது?

செப்டம்பர் 10, புதன்

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு இருந்த தாளை அகராதி வைத்துப் படித்தேன். குமட்டல், தூக்கக் குறைவு, படபடப்பு. இதற்குப் பெயர் மருந்தா? மாத்திரை மேசையில் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாக்கியம் போன் செய்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரை போடுறீங்களா என்று மட்டும் கேட்டாள். நீ போடுகிறாயா என்றேன்.

"போடுறேன். மொதல்ல வயித்தப் பெரட்டுச்சு, பெறகு சரியாயிருச்சு. காலைல எந்திரிக்க முடியுது."

"அங்க போனதுலருந்து நல்லாத்தான் இருக்க."

"நமுத்துப்போன வெடி மாதிரி ஒரு மூலைல கெடந்தேங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். நமுத்த வெடியால் ஆபத்து இல்லை என்றுதான் நான் இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வயிற்றைப் புரட்டுகிறது. கைகள் லேசாக நடுங்குகின்றன. டாக்டருக்கு ராஜகுரு போன் செய்து கேட்டான். முதலில் அப்படித்தான் இருக்கும், நிறுத்த வேண்டாம், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றாராம். சில வாரம். அதுவரை நான் என்ன செய்வதாம்?

செப்டம்பர் 29, திங்கள்

மாத்திரை மட்டும் போதாதாம், பயிற்சியும் வேண்டுமாம். வீட்டுக்குள் வர வேண்டும், தகட்டைத் தொடக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து பயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது ஏறும், உச்சிக்குப் போகும், நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகவே இறங்கும் என்கிறார் டாக்டர். எழுபது வயது தாண்டியவனை நாற்காலியில் உட்கார வைத்து பயமுறுத்துவதற்கு ஒரு படிப்பு.

உட்கார்ந்தேன். முதுகு நனைந்துவிட்டது. பாக்கியம் சாத்தூரில் எரிந்துகொண்டிருந்தாள், நான் இங்கே கை கட்டி உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் முழங்கையால் தகட்டைத் தொட்டுவிட்டேன். கையால் தொடவில்லை என்று டாக்டரிடம் சொல்லலாம்.

அக்டோபர் 6, திங்கள்

முழங்கையும் கைதானாம். டாக்டருக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று தகட்டைத் தொடவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். காட்சி வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துவைத்து முடித்துப் பிழிந்து காயப் போட்டும் விட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், பயம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே இறங்கியது.

இது தற்செயலாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புஸ்வாணம் வைத்தார்கள். ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டேன். சின்னவள் அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டு, தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி பொழுது சாயும்வரை நின்றேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அக்டோபர் 22, புதன்

பழையபடி ஆகவில்லையாம். சறுக்கல் வருமாம், மறுபடி நாற்காலியில் உட்கார வேண்டியதுதானாம். டாக்டர் மாத்திரையின் அளவையும் கொஞ்சம் கூட்டினார்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு மூன்று நாட்களாக ஒன்றைக் கவனிக்கிறேன். காட்சி வருகிறது, ஆனால் தெருவில் போகிற ஆள் எட்டிப் பார்ப்பதுபோல வந்துவிட்டுப் போகிறது. சில சமயம் வீட்டுக்குள் வந்தும் உட்கார்ந்துகொள்கிறது. தூக்கம் வருகிறது. இதை டாக்டரிடம் ரொம்பவும் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக வரச் சொல்லியிருந்தார். பாக்கியம் தலை சீவிப் பூ வைத்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அந்தக் காட்சியைப் பற்றி அவளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார் டாக்டர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தரைக்கு மொசைக் போட்டிருந்தார்கள், நடுவில் ஒரு விரிசல் இருந்தது.

பாக்கியம், "எனக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியலைன்னு நெனக்கிறீங்கன்னுல்ல இருந்தேன்" என்றாள். "இத்தன வருசம் ஆக்கிப் போட்டவளுக்கு ஒரு தீக்குச்சி கிழிக்கத் தெரியாதான்னு அழுதிருக்கேன்."

"ஒனக்குத் தெரியும். எனக்குத்தான் பயம்."

திருக்கார்த்திகை அன்று வருவதாகச் சொன்னாள். வாசலில் விளக்கு வைப்பாளாம், நடுவீட்டில் வைப்பாளாம். வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்வர வேண்டுமாம். "முடியும்னா பை எடுத்துட்டு வாறேன். நடுவுல வெளக்க அமத்தினீங்கன்னா, அந்தப் பையோட அப்பிடியே பஸ் ஏறிருவேன்."

எரிகிற விளக்கை ஆளில்லாத வீட்டில் விட்டுப் போவதா? ஆலையில் இதை ஒருவன் செய்திருந்தால் அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தியிருப்பேன். டாக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வா என்று சொன்னேன். என் குரல்தான்.

நவம்பர் 28, வெள்ளி

தகட்டைக் கழற்றினேன். திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். கழற்றிய தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

நாளை திருக்கார்த்திகை. மாத்திரை போட்டாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மட்டும் பின்கதவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். வேண்டாம் என்று ராஜகுருவே சொல்லிவிட்டான். நிரப்பி வைத்ததைக் கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

மத்தியானம் வந்தாள். பையைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். உள்ளே கொண்டுபோகவில்லை. அவள் தாலிச் சங்கிலியில் ஊக்குகள் தொங்கின. எல்லாப் பெண்களும் மாட்டிக்கொள்கிறதுதான். நான்தான் இரும்பு என்று கழற்றச் சொல்லியிருந்தேன். பார்த்தேன். விட்டுவிட்டேன்.

வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து தகட்டை இழுத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று பயந்தேன். புளி போட்டுத் துலக்கினாள். அது அத்தனை சிவப்பு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. நடுவீட்டில் அதைக் கிடத்தி, அதன்மேல் பெரிய விளக்கை வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் தீக்குச்சியைக் கிழித்த சத்தத்தில் என் கால்கள் தாமாக எழப் பார்த்தன. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். குச்சியின் வெளிச்சத்தில் அவள் முந்தானை தெரிந்தது. காட்சி வந்தது. முழுசாக, பழைய மாதிரியே வந்தது. பாக்கியம் எரிந்தாள். அதே நேரம் பாக்கியம் குனிந்து, திரியைத் தூண்டி, அடுத்த விளக்குக்கு நகர்ந்தாள். இரண்டு பாக்கியத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கெளம்பலாமா?" என்றாள்.

பூட்டினேன். பூட்டை ஆட்டிப் பார்க்கக் கை போனது. இடுப்பில் வைத்துக்கொண்டேன். தெருமுனை வரை என் முதுகில் சூடு அடிப்பது போலவே இருந்தது. "திரும்பிப் பாக்கணும் போல இருக்கு" என்று அவளிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்றாள். "அழகா இருக்கும்ல, வரிசையா?"

அந்த அழகைப் பார்க்கவும் திரும்பவில்லை. என் பயத்துக்காகவும் திரும்பவில்லை.

கோயிலில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். கூட்டத்தோடு நின்றேன். திருநீறு வாங்கும்போது கொஞ்சம் சிந்தியது. வீட்டில் இப்போது தரையில் தீப்பிடித்திருக்கும், இப்போது கட்டில், இப்போது கூரை என்று மனசு வரிசையாக எரித்துக்கொண்டே வந்தது. கட்டிலோடு நின்றுவிட்டது. கூரைவரை போகவில்லை.

திரும்பினோம். வீடு இருந்தது. நடுவீட்டு விளக்கு தகட்டின்மேல் அசையாமல் எரிந்தது. வாசலில்தான் காற்றுக்குப் பாதி விளக்குகள் அணைந்து கிடந்தன.

பாக்கியம் தீப்பெட்டியை என் பக்கம் நீட்டினாள். இது பேசி வைத்ததில் இல்லாதது. வாங்கிக்கொண்டேன். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது காற்றில் போனது. மூன்றாவதை உள்ளங்கைக்குள் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவள் சேலை என் தோளில் உரசிக்கொண்டு நின்றாள். நகர்ந்து நில் என்று சொல்லவில்லை.

திரிகளை அவள் சரியாகத் திரிக்கவில்லை, தளர்வாக இருந்தன, அதனால்தான் அணைந்தன. அதை மட்டும் சொன்னேன்.

"வந்த அன்னிக்கேவா" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.